ஏழாம் கட்டைத் தோட்டத்தில் ஒரு கையெழுத்து

மலேசியாவுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். தைலம், பிஸ்கட் டின், பாத்திக் துணி. எதற்காகப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. என் கைப்பையில் பிஷப்பின் அலுவலகமான ஆயரகத்தின் முத்திரையிட்ட உறை ஒன்று இருந்தது. அதைப் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அப்பால், ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் சகாயமேரியிடம் கொண்டுபோய், அவள் முன்னால் பிரித்து வாசித்து, அவளுடைய பதிலை வாங்கி வர வேண்டும்.

நான் தஞ்சாவூரில் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறேன். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். சகாயமும் நானும் ஒரே ஆண்டில் மடத்தில் சேர்ந்தோம். மலேசியாவிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். எங்களுக்கெல்லாம் தெரியாத சமையலையும், எங்களுக்குத் தெரிந்த தமிழையே வேறு மாதிரி பேசும் வழக்கத்தையும் கொண்டுவந்தாள். இருபத்தாறு ஆண்டுகள் ஒன்றாக இருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தம்பி அந்தோணி, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது மழையில் சறுக்கி விழுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டான். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. விடுப்பில் போனவள் திரும்பவில்லை. போன ஆண்டு, துறவுக்காகத் தான் எடுத்த வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுவிக்கும்படி விண்ணப்பம் எழுதினாள். ஆயர் சம்மதித்துவிட்டார். அந்தச் சம்மதம்தான் உறைக்குள் இருந்தது.

ஆனால் திருச்சபைச் சட்டத்தில் சின்ன இடைவெளி ஒன்று உண்டு. விடுவிப்பை அறிவிக்கும் அந்த நேரத்தில், கேட்டவளே வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அந்தக் கடிதம் வெறும் காகிதம். இத்தனை ஆண்டுகள் துறவியாக இருந்தும் எனக்கு இது தெரியாது. எங்கள் சபைத் தலைவி விளக்கிச் சொன்னபோது, இப்படி ஒரு கதவை இவ்வளவு கடைசியில் யார் வைத்தார்கள் என்று திகைத்துப்போனேன்.

"நீ தபால்காரி, பிளேவியா. இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. வாசி, பேசாம இரு" என்றார் தலைவி அம்மா.

சரி என்றேன். விமானத்தில் மூன்று செபமாலை சொன்னேன். மூன்றும் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

பேருந்து என்னை ஈப்போவில் இறக்கிவிட்டதாக நினைத்தேன். ஊரைக் காணோம். பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. பெரிய கட்டடம், உள்ளே வரிசையாகக் கடைகள், வெளியே அகலமான சாலை. நம் ஊரில் பேருந்து நிலையத்தில் கால் வைத்தால் ஊரே வந்து காதில் கத்தும். இங்கே கத்த ஆளில்லை. என்னை அழைத்துப்போக வர வேண்டியவர் தேவி. சகாயத்தின் பக்கத்து வீட்டுக்காரர், வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் நகரத்துக்குள் ரயில் நிலையத்தில் காத்திருந்தார்.

"சிஸ்டர்னா ரயில்லதான் வருவாங்கன்னு நெனைச்சிட்டேன் லா. அங்கேயே இருங்க, வாரேன்" என்றார் போனில்.

இருந்தேன். இந்த ஊர் வெள்ளைக் காப்பிக்குப் பெயர் போனது என்று கேள்விப்பட்டிருந்ததால் ஒன்று வாங்கினேன். பழுப்பாக வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட கடைக்காரப் பெண், "பேருதான் வெள்ளை, சிஸ்டர். கொட்டையைக் கருக விடாம மார்ஜரின்ல வறுப்பாங்க. குடிச்சுப் பாருங்க" என்றாள். கும்பகோணம் டிகிரி காப்பிக்கு நான் துரோகம் செய்ய மாட்டேன். ஆனால் இரண்டாவது கோப்பையும் வாங்கினேன்.

அடுத்த மேசையில் இரண்டு சீன மூதாட்டிகள் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டையா என்று கேட்டேன். "இல்ல. இவங்க மக சிங்கப்பூர்ல இருக்கு. பெருநாளைக்கு வரச் சொல்லிக் கூப்பிடவான்னு கேக்குறாங்க. கூப்பிடாத, அவளா வரட்டும்னு அவங்க சொல்றாங்க" என்றாள் கடைக்காரப் பெண். நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

தேவி வந்தார். நாற்பது வயதிருக்கும். காரின் முன்கண்ணாடியில் முருகன், அவருக்குப் பக்கத்தில் வாடாத பிளாஸ்டிக் மல்லிகை. நகரத்தை விட்டு விலகியதும் மலைகள் வந்தன. நம் ஊர் மலைகள் தூரத்திலேயே தொடங்கி, மெல்ல ஏறி, நமக்குப் பழக அவகாசம் கொடுக்கும். இந்தச் சுண்ணாம்பு மலைகளுக்கு அடிவாரமே இல்லை. சமதரையில் நேராக நிற்கின்றன. வெள்ளைப் பாறை முகம், தலையில் காடு, நடுவில் மேகம். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். தேவிக்கு இது பழகியிருக்கும். என் பக்கம் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

கோலா கங்சார் சாலையிலிருந்து பிரிந்து செம்மண் பாதையில் இறங்கினோம். ஏழாம் கட்டைத் தோட்டம் என்பது பழைய பெயர். இங்கே மைலுக்குக் கட்டை என்பார்கள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்து நாளாகிவிட்டது. பாதை நடுவே பனங்குலை ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் புதைந்து நின்றது. ஒதுங்கிப் போகப் பார்த்து எங்கள் சக்கரமும் புதைந்தது. டிராக்டர் வரும்வரை ஒரு மணி நேரம்.

"சிஸ்டர், அவங்கள கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்று தேவி கேட்டார்.

"இல்லம்மா. ஒரு கடிதம் குடுக்க வந்தேன்."

"கடிதம் குடுக்கவா பிளேன் ஏறி வருவாங்க?"

அவர் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் பனை மட்டைகளைச் செருகத் தொடங்கினார்.

தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகள் பன்னிரண்டு மிச்சமிருந்தன. கடைசி வீட்டு வாசலில் பூப்போட்ட கைலியும் தொளதொள பனியனும் அணிந்த ஒரு பெண் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தலைமுடியை மேலே கொண்டையாகச் சுருட்டியிருந்தாள். அவளைக் கடந்து போய்விட்டேன். பின்னாலிருந்து, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்டது சகாயத்தின் குரல். அவளுக்கு முடி இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? முக்காடில்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

கையைப் பிடித்துக்கொண்டோம். அவள் பார்வை என் கைப்பைக்குப் போய்த் திரும்பியது. "இன்னைக்கு வேணாம். சாப்பிடு, தூங்கு. நாளைக்கும் வேணாம். அதுக்கடுத்த நாள் வாசி" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். முதலில் வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும். அப்புறம் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், பருப்புச் சாறோடு. பத்து மணிக்கு மரவள்ளிக் கிழங்கும் கோழிக் குழம்பும். கொண்டுவந்தவர்கள் எல்லோரும் இந்துக்கள். தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் நான்குதான். ஒவ்வொருவரும் பாத்திரத்தை வைத்துவிட்டு, சகாயம் காதில் விழாதபடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். "என் மக பரீட்சை பாஸானது சிஸ்டராலதான்." "என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராவும் பகலும் இவங்கதான்." அப்புறம் எல்லோரும் ஒரே மாதிரி முடித்தார்கள்: "கூட்டிட்டுப் போயிடாதீங்க." நான் தின்றேன். தின்னத் தின்ன எனக்குக் குற்ற உணர்வு கூடியது. ஏனென்றால் கூட்டிக்கொண்டு போகத்தான் எனக்கு ஆசை.

அந்தோணியின் கட்டில் முன்னறையில் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. கைகளில் கொஞ்சம் பலம் உண்டு, ஆனால் ஒரு டம்ளரைத் தூக்க அவனுக்கு நெடுநேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சகாயம் லாரித் தார்ப்பாயைத் தைத்து, உத்தரத்தில் கப்பி மாட்டி, ஒரு தூளி செய்திருந்தாள். அதில் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். ஆஸ்பத்திரிகளில் நான் பார்த்த எந்தச் செவிலியும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. மூன்று ஆண்டுகளில் அவன் முதுகில் ஒரு புண் கிடையாது.

"கோயில் பக்கம் வரவே மாட்டேங்குறான். ஃபாதர் வீட்டுக்கு வந்தா கண்ண மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரி நடிக்கிறான்" என்றாள் சகாயம். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டான்.

பிற்பகலில் அவள் தேவியோடு பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, காய் வாங்கப் போனாள். கார்ச் சத்தம் அடங்கியதும் அந்தோணி கண்ணைத் திறந்தான்.

"சிஸ்டர், அக்காவ கூட்டிட்டுப் போயிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஈப்போவுல ஒரு ஹோம் இருக்கு. என்னை மாதிரி ஆளுங்களுக்கு. தேவி அக்காகிட்ட போன் அடிச்சுத் தரச் சொல்லிப் பேசிட்டேன். எடம் இருக்காம். வரச் சொல்லிட்டாங்க. அக்காவுக்குத் தெரியாது."

"ஏம்பா?"

அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "சாமி என் காலை எடுத்துக்கிட்டாரு, அது பரவால்ல. நான் மழையில வேகமா வந்தேன். ஆனா அவருக்குன்னு போனவங்கள புடுங்கி எனக்குக் குடுத்தாரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல. என்னால ஒருத்தவங்க வாழ்க்கை போச்சு. அந்த முகத்தப் பாத்துட்டு எப்படி நான் செபம் சொல்றது? நீங்க கடிதத்த வாசிக்கிறப்ப வேணாம்னு சொல்லச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

விமானத்தில் நான் கேட்ட வரம் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசியது. இதைச் சகாயத்தின் காதில் போட்டால் போதும். அவளைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிடும். அவள் வேண்டாம் என்று சொல்லி என்னோடு விமானம் ஏறுவாள். ஆனால் அதைச் சொன்னால் நான் தபால்காரி இல்லை. சொல்லாவிட்டால், தெரிய வேண்டியது தெரியாமல் அவள் கையெழுத்துப் போடுவாள். அப்படிப் போடுவது அவள் முடிவாகுமா? மாலைவரை வீட்டுக்கும் பனைமரங்களுக்கும் நடுவே நடந்தேன். கணக்குப் போட்டுப் பழகிய மூளைக்கு இது வசப்படவில்லை.

கடைசியில் உள்ளே போய் அவனிடம் சொன்னேன். "நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லணும். நாளைக்கு நான் கடிதத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னால, நீயே அக்காகிட்ட சொல்லணும்." அவன் உத்தரத்தைப் பார்த்தான். "சூசா லா, சிஸ்டர்" என்றான். கஷ்டம் என்று பொருள். எனக்கும்தான் கஷ்டம் என்றேன்.

மூன்றாம் நாள் காலை, சகாயம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான். ஹோமில் இடம் கிடைத்ததை, போன் பேசியதை, எல்லாவற்றையும். நான் கதவருகே நின்றிருந்தேன். சகாயம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மிச்சக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாள்.

தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அதன் பின்னால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் பத்துப் பதினைந்து. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே ஒரு வேரில் உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற மேலே ரப்பர்க் காய்கள் டப் டப் என்று வெடித்து, விதைகள் தகரத்தில் விழுந்தன. என்னால் செபம் சொல்ல முடியவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை. நீ கிறிஸ்துவுக்குத் தாயாவாய் என்று ஒரு பெண்ணிடம் வானதூதர் வந்து செய்தி சொல்லிவிட்டு, அவள் பதிலுக்காகக் காத்து நின்றார் என்று நாங்கள் தினமும் மூன்று வேளை செபத்தில் சொல்கிறோம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீடித்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எல்லாம் வல்லவர் ஓர் ஏழைப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வேரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கண்ணீர்த் தடம் இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. "வா. அவன் முன்னாடியே வாசி" என்றாள்.

வாசித்தேன். என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடித்ததும் சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"இப்ப நீ வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா இது செல்லாது. எப்பவும் போல நீ எங்கள்ல ஒருத்தி."

"சரின்னா?"

"கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலேருந்து வார்த்தைப்பாடு கிடையாது."

அவள் அந்தோணியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "போன வருசம் இதை எழுதினப்ப அழுதுக்கிட்டே எழுதினேன், பிளேவி. வேற வழியில்ல, அதான் எழுதினேன். இன்னைக்குக் காலையில இவன் வழிய தொறந்துட்டான். இப்ப அங்கயும் போலாம், இங்கயும் இருக்கலாம். இப்படி ஒரு நாளு எனக்கு வந்ததே இல்ல." என்னிடம் கையை நீட்டினாள். "பேனா குடு."

போட்டாள். அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினாள்.

"ஏன்க்கா?" என்றான் அந்தோணி. "அதான் நான் போறேன்னு சொல்லிட்டேனே."

"போறதா இருந்தா போ. உன் இஷ்டம். தடுக்க மாட்டேன். வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போவேன். ஆனா நான் இங்கதான் இருப்பேன். நீ விழுந்தேன்னுதான் வந்தேன் டா, அது நெசம். இப்ப அதுக்காக இல்ல. எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கு. யாரும் என்னைய புடுங்கி உனக்குக் குடுக்கல. நானாத்தான் இருக்கேன்."

தம்பி அழத் தொடங்கினான். முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவனால் முடியாது. சகாயம் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பின்கட்டில் தனியாக இருந்தபோது கேட்டேன். "அப்ப இருபத்தாறு வருஷம்? அது சாமி அழைச்சது இல்லையா? இது நீயா எடுத்த முடிவு, சகாயம். இதையும் அவர் அருளுன்னு சொல்லிடாதே."

அவள் கோபப்படவில்லை. "அப்பவும் கேட்டாரு, சரின்னேன். இப்பவும் கேட்டாரு. ஆமா, நானாத்தான் எடுத்தேன். நானா எடுக்க முடிஞ்சுதே, அத யாரு குடுத்தா?"

பிறகு சமையலறை ஆணியில் தொங்கிய செபமாலையிலிருந்து வெள்ளி மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். வார்த்தைப்பாட்டு மோதிரம். புரட்டும்போது தம்பி முதுகில் கீறும் என்று இரண்டு ஆண்டுகளாக அவள் அதை விரலில் போடவில்லையாம். அதைக் கேட்டபோது என் கோபம் கரைந்தது. துக்கம் அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நான்காம் நாள் சனிக்கிழமை. மாதத்துக்கு ஒரு முறை மாலை ஐந்து மணிக்குச் சிற்றாலயத்தில் திருப்பலி நடக்கும். மூன்று மணிக்கு அந்தோணி, "என்னையும் கொண்டு போங்க" என்றான். சகாயம் என்ன, ஏன் என்று கேட்கவில்லை. சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். தேவி போய் ஆள் கூட்டி வந்தார். பக்கத்து வீடுகளின் ஆண்கள் நான்கு பேர், நெற்றியில் திருநீற்றோடு, கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவனைத் துணியால் கட்டித் தூக்கினார்கள். "மச்சான், சாப்பாட்ட கொற லா" என்று ஒருவர் மூச்சு வாங்கினார். மூன்று ஆண்டுகளில் அந்தப் பாதையில் அவன் முதல்முறை போகிறான். வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள்.

பங்குத்தந்தை கோலா கங்சார் பக்கமிருந்து வந்தார். அந்தோணியைப் பார்த்ததும் திருவுடையை மடித்து வைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். அந்தோணி பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் அரை மணி நேரம் நடந்தது. திருப்பலி தாமதமானது. யாரும் முணுமுணுக்கவில்லை. கும்பிட வந்த நான்கு குடும்பங்களும், தூக்கி வந்த ஆண்களும், தேவியும் நாங்களும் ரப்பர் மரத்தடியில் நின்றோம்.

நற்கருணை அப்பம் வாங்கும் நேரம் வந்தது. எங்கள் மடத்தில் வார்த்தைப்பாடு எடுத்த வரிசைப்படி போவோம். சகாயம் எனக்கு ஒரு ஆள் முன்னால். இங்கே அவள் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் பின்னால், கடைசியாகப் போனாள். வாங்கிக்கொண்டு தம்பியின் நாற்காலி அருகே வந்து நின்றாள். தந்தை படி இறங்கி அவனிடம் வந்தார். பலமில்லாதவர்களுக்கு நாவில் கொடுப்பதுதான் வழக்கம். அவன் தலையை அசைத்து வேண்டாம் என்றான். கையில் வேண்டுமாம்.

வலது கை தொடையிலிருந்து எழத் தொடங்கியது. ஒரு விரற்கடை எழுந்தது, நடுங்கியது, விழுந்தது. மறுபடி எழுந்தது. தந்தை அப்பத்தை ஏந்தியபடி நின்றார். மூன்று ஆண்டுகளாக அவனுக்குச் சோறூட்டி, தண்ணீர் புகட்டி, ஈயை ஓட்டிய சகாயம் ஓரடி தள்ளித்தான் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர் உதவிக்கு நகர்ந்தார். தேவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கை மேலே வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரும் எண்ணவில்லை. நெஞ்சுயரத்துக்கு வந்ததும் அவன் உள்ளங்கையைத் திருப்பி விரித்தான்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார் தந்தை.

அவன் "ஆமென்" என்றான்.